கழற்றி வைத்த பம்பு

பிள்ளைகளே, நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

அந்த வருஷத்தின் முதல் சைக்கிள் பந்தயம், திண்டுக்கல்லிலிருந்து பழனி வரை. எங்கள் அணிக்கு ஒரே பம்பு. அது என் சைக்கிளில் இருக்கும். கனம் குறையட்டும் என்று, யாரிடமும் சொல்லாமல் அதை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டேன்.

ஆயக்குடிக்கு முன்னால், முதலாவதாகப் போய்க்கொண்டிருந்த எங்கள் அணிப் பையன் சின்னையாவின் டயரில் முள் ஏறியது. அவரவர் சைக்கிளில்தான் பந்தயத்தை முடிக்க வேண்டும். சின்னையா ஒட்டுப் போட்டுவிட்டு, அடுத்ததாக வந்து நின்ற என்னிடம் கை நீட்டினான்.

"ஏலே, பம்பை எடு."

"கொண்டாரலைடா."

"விளையாடாத அப்பு, பின்னால வாரானுக."

என் சைக்கிளில் பம்பு மாட்டும் இடம் காலியாக இருப்பதைக் காட்டினேன். எங்களைக் கடந்து போன ஒருவன், "ஏனுங்க, நடைப் பந்தயமுங்களா?" என்று சிரித்தான்.

சின்னையா திட்டியிருந்தால் தேவலை. "நீயாச்சும் போ" என்றான். எனக்குப் போக மனம் வரவில்லை. அவன் சைக்கிளைத் தள்ள, நானும் கூடவே நடந்தேன். கூட நடந்ததால் அவன் டயரில் காற்று ஏறிவிடவில்லை.