நான் செய்த பிரபலமான தவறு

நான் புற்றுநோய் ஆராய்ச்சி செய்கிறவள். அதில் என் கணவருக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான்: மேற்கோள் எண்ணிக்கை. உலகத்தில் எங்கேயாவது ஓர் ஆராய்ச்சியாளர் தன் கட்டுரையில் என் கட்டுரையைக் குறிப்பிட்டால், இணையதளத்தில் என் பெயருக்கு நேரே ஒன்று கூடும். காலையில் பல் விளக்குவதற்கு முன்பே கைப்பேசியில் அதைப் பார்த்துவிடுவார். "இன்னிக்கு மூணு ஏறியிருக்கு!" என்று குளியலறை வாசலில் நின்று கத்துவார். கிரிக்கெட் ஸ்கோருக்குக்கூட மனுஷர் இப்படிக் கத்தியதில்லை.

வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் நாங்கள் காப்பித்தூள் வாங்கும் தமிழர் கடையிலும் பெருமையடித்தார். "அமெரிக்கா, ஜப்பான்ல எல்லாம் இவ பேரச் சொல்றாங்க."

கடைக்காரர் கொட்டையை அரைத்தபடி நிதானமாகக் கேட்டார். "நல்லவிதமா சொல்றாங்களா சார், திட்டுறாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் எந்தக் கமிட்டியும் என்னிடம் கேட்காத கேள்வி அது. பதில் எனக்குத் தெரியும். பாதிப் பேர் திட்டத்தான் செய்கிறார்கள்.

என் கட்டுரைகளில் அதிகம் குறிப்பிடப்படுவது வாய்ப் புற்றுநோய் செல்களைப் பற்றியது. ஒரு மருந்து அந்த செல்களை எப்படிக் கொல்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். அச்சில் வந்து பல மாதம் கழித்துச் சோதித்துப் பார்த்தால், அவை வாய்ப் புற்றுநோய் செல்களே இல்லை. பக்கத்துக் குடுவையில் வளர்ந்த வேறொரு புற்றுநோயின் செல் எப்படியோ இதற்குள் விழுந்து, இருந்தவற்றை ஓரங்கட்டிவிட்டுக் குடுவை முழுக்கப் பரவியிருந்தது. முதலிலேயே சோதித்திருக்க வேண்டும். சோம்பேறித்தனம்தான், வேறென்ன? வெட்கத்தில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அதே பத்திரிகையில் திருத்தம் வெளியிட்டேன். அதை ஓர் ஈ காக்கைகூடச் சீண்டவில்லை. பழைய கட்டுரைக்கோ யோகம் அடித்தது. பாதிப் பேர் 'இப்படியெல்லாம் செய்யக்கூடாது' என்பதற்கு அதை உதாரணம் காட்டினார்கள். மீதிப் பேர் திருத்தத்தைப் பார்க்காமல் அப்படியே நம்பினார்கள். இணையதளம் இரண்டையும் ஒன்றாகத்தான் கூட்டியது.

அந்தச் சமயத்தில்தான் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல் வந்தது. வயது வரம்பால் எனக்கு அதுவே கடைசி வாய்ப்பு. மொத்த மேற்கோள் இவ்வளவுக்குக் குறையக்கூடாது என்று விதி வேறு. அந்தக் கட்டுரையைச் சேர்த்தால் சுலபமாகத் தாண்டுவேன். எடுத்துவிட்டால் பாதிகூடத் தேறாது.

கணவரிடம் புலம்பினேன். அவருக்கு ஹவுராவில் ஒரு தொழிற்சாலையில் இரும்பு உதிரிபாகங்களைச் சோதிக்கும் வேலை. மயிரிழைக் கீறல் இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுவார். அப்பேர்ப்பட்டவர் சொன்னார்: "அந்த நம்பர நீயா எழுதிக் குடுத்த? ஆபீஸ்லயே வெப்சைட்டுலேருந்து எடுத்துப் போட்டுக்கிட்டாங்க. வாய மூடிக்கிட்டுப் போயிட்டு வா." நாங்கள் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளிப் பெண்ணிடம் சந்தேஷ் இனிப்பு வாங்கி வைக்கவும் சொல்லிவிட்டார்.

வாயை மூடிக்கொண்டுதான் போனேன். கமிட்டியில் வெளியூர்ப் பெரியவர் ஒருவர் இருந்தார். என் பட்டியலில் அந்தக் கட்டுரையை விரலால் தட்டி, "பிரமாதமான வேலை" என்றார் ஆங்கிலத்தில். எனக்கு உச்சி குளிர்ந்தது. "நானே போன மாதம் இதை மேற்கோள் காட்டினேன். இந்த மருந்தை வாய்ப் புற்றுநோய் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறேன்."

நோயாளிகள் என்று அவர் சொல்லும்வரை நான் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

"வேண்டாம் சார்" என்றேன். எது எந்தக் குடுவையில் விழுந்தது என்பதிலிருந்து திருத்தம் வந்த இதழ் வரைக்கும் ஒப்பித்தேன். பெரியவர் முகத்தில் ஈயாடவில்லை. கமிட்டித் தலைவர் பேனாவின் மூடியைத் திறந்தார்.

"அப்படியானால் இதை உங்கள் மொத்தத்திலிருந்து கழிக்க வேண்டுமே, மேடம்?"

"கழிச்சுடுங்க சார்."

கழித்தார். நேர்காணல் அத்தோடு முடிந்தது. வெளியே எல்லோருக்கும் கொடுத்த தேநீர்கூட எனக்கு வரவில்லை.

வீட்டில் மேஜை மேல் சந்தேஷ் டப்பா தயாராக இருந்தது. நடந்ததைச் சொன்னேன். கத்தப்போகிறார் என்று பார்த்தால், கணவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்று முடித்தார்.

"இருபத்தாறு வருஷமா அடுத்தவன் செஞ்ச பீஸத்தான் ரிஜெக்ட் பண்ணிட்டிருக்கேன்" என்றார். "நான் பாஸ் பண்ணி அனுப்பி, வாங்கினவன்கிட்டப் போய் உடைஞ்சதும் உண்டு. அத யார்கிட்டயும் சொன்னதில்ல."

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு மறந்துபோனது.

"உடைஞ்சப்போ யாருக்காவது அடிபட்டுதா?" என்று கேட்டேன்.

"நான் கேக்கவே இல்ல" என்றார்.