ஃபர்மாவில் எழுதாத பெயர்

ஐம்பது முடிந்தபோது எனக்கு நானே ஒரு ரவுட்டர் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன். வைஃபை டப்பா இல்லை, மரவேலை மெஷின். இரண்டு பக்கமும் கைப்பிடி, நடுவில் அசுர வேகத்தில் சுற்றும் ஒரு கத்தி. பலகையில் நீளப் பள்ளமாகக் காடி இழுக்கலாம், ஓரத்தை உருட்டலாம். செம்பூரில் எங்கள் பால்கனி நாலடி அகலம். அதில் வாஷிங் மெஷினும் துளசித் தொட்டியும் போக மீதி இடத்தில் நான் மரவேலை செய்தேன்.

மெஷினின் அடியில் கறுப்பாக ஒரு வட்டத் தட்டு இருக்கும். அதுதான் பலகைமேல் வழுக்கிக்கொண்டு போவது. பலகையின் ஓரத்துக்கு வந்ததும் தட்டில் பாதிக்கு மேல் அந்தரத்தில் நிற்கும். மெஷின் சாயும், கத்தி கடித்துவிடும். நான் செய்த முதல் புத்தக அலமாரியை எலி பார்த்திருந்தால் வேறு எலியின் வேலை என்று நினைத்திருக்கும்.

இதற்கு மாற்று, பெரிய தட்டு. மெஷின் பக்கம் அகலமாகவும் மறுபக்கம் நீண்டு குறுகியும் மாம்பழம் மாதிரி இருக்கும். குறுகிய முனையில் ஒரு குமிழ். அதை ஒரு கையால் பலகையோடு அழுத்திக்கொண்டால் மெஷின் சாயாது. உலகம் முழுக்கச் செய்கிறார்கள். ஆனால் எல்லாரும் மேசைக்கு முன்னால் நின்று வேலை செய்கிறவர்கள். நம் ஊர்த் தச்சர்கள், இங்கே காரிகர் என்பார்கள், தரையில் குந்தி, பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு வேலை செய்வார்கள். மேசை போட இடமில்லாததால் நானும் அப்படித்தான். அந்தக் குமிழ் நேராக வந்து முழங்காலில் இடிக்கும். மூன்று முறை அடிபட்ட பிறகு மாம்பழத்தின் மூக்கைக் கொஞ்சம் இடது பக்கமாக வளைத்தேன். என் வாழ்க்கையில் நானாகக் கண்டுபிடித்தது அந்த வளைவு ஒன்றுதான்.

அதை வெட்டத்தான் தாராவிக்குப் போனேன். அக்ரிலிக்கில் பெயர்ப்பலகை வெட்டுகிற கடை. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம், என் வயதுதான், நான் அண்ணாச்சி என்பேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து பதினோரு மணிக்குத் திறப்பார். அந்தக் கடை ஸ்டூலில் நான் உட்கார்ந்த ஞாயிறுகளைக் கோயிலில் உட்கார்ந்திருந்தால் இந்நேரம் தர்மகர்த்தா ஆக்கியிருப்பார்கள்.

அக்ரிலிக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொன்னது. மேல் காகிதத்தை உரிக்காமல் ஓட்டை போட வேண்டும். டிரில்லை அழுத்தினால் தகடு விரிசல் விடும். "தின்னர மட்டும் கிட்ட கொண்டு போயிராதீய சார். அப்படியே வெளுத்துரும். என்ன அழுக்கானாலும் சோப்புத் தண்ணிதான்."

முதல் தட்டில் மெஷினோடு மாட்டும் மூன்று ஸ்க்ரூ ஓட்டைகளை நான்தான் போடுவேன் என்று அடம்பிடித்தேன். இரண்டு சரியாக வந்தன. மூன்றாவதில் டிரில் நழுவியது. அரத்தால் ராவி ராவி, வட்டமாக இருக்க வேண்டியதை நீளவாக்கில் இழுத்து, ஒருவழியாக ஸ்க்ரூவை உள்ளே விட்டேன். அண்ணாச்சி குமிழ் வாங்கப் போயிருந்தார். நான் சொல்லவில்லை.

தட்டு பிரமாதமாக வேலை செய்தது. இதில் இருபது வெட்டி, என் பெயர் போட்டு, ஹார்டுவேர் கடைகளில் கொடுக்கலாமா என்று கேட்டேன். ஆபீசில் இருபத்தைந்து வருடமாக அடுத்தவர் கடிதத்துக்குக் கையெழுத்துப் போட்டவனுக்கு இப்படி ஒரு ஆசை வரும்.

"இத யாரு சார் வாங்குவா? காரிகருக்கு அந்தக் கறுப்புத் தட்டே ஜாஸ்தி. ஆபீஸ் கைக்குத்தான் இதெல்லாம் வேணும்."

நானும் சிரித்தேன். இருந்தாலும் எனக்கு இன்னொன்று வெட்டித் தரச் சொல்லி, முதல் தட்டை ஃபர்மாவாக அவரிடம் விட்டேன். ஃபர்மா என்றால் அதை வைத்துப் பார்த்து வெட்டுகிற மாதிரித் தகடு. அந்தச் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. ஃபர்மாவில் உடையவன் மார்க்கரால் பெயரெழுதி ஆணியில் மாட்ட வேண்டும். பெயர் இருந்தால் அவனைக் கேட்காமல் யாரும் வெட்டமாட்டார்கள். பெயர் இல்லாதது கடைக்குச் சொந்தம்.

அண்ணாச்சி மார்க்கரை நீட்டினார். "பேர எழுதிருங்க சார்."

"நமக்குள்ள என்ன அண்ணாச்சி பேரு."

ஆபீசில் ஸ்டேப்ளருக்குக்கூடப் பெயர் ஒட்டிவைக்கிறவன் நான். அன்றைக்கு என்னவோ பெருந்தன்மை பொங்கிவிட்டது.

சில மாதம் கழித்து வடாலாவில் ஒரு ஹார்டுவேர் கடையில் கீல் வாங்கப் போனேன். கவுண்டருக்குப் பின்னால் கொத்தாகத் தொங்கின. மாம்பழம், குமிழ், இடது பக்கம் திரும்பிய மூக்கு. ஒன்றைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அண்ணாச்சி கடை ஸ்டிக்கர். மூன்று ஓட்டை. மூன்றாவது நீளவாக்கில்.

கடைக்காரர் ஹிந்தியில் விளக்கினார். "இந்த நீள ஓட்டை இருக்கே, அதுதான் விஷயம். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மெஷினில் உட்கார்ந்துவிடும். யாரோ யோசித்துச் செய்திருக்கிறான். நீங்கள் ஆபீஸ்காரர், உங்களுக்குப் புரியாது."

ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ் பிடித்து நேராகத் தாராவிக்குப் போனேன். தகட்டை அண்ணாச்சியின் மேசைமேல் வைத்தேன். அவர் எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"நம்ம சரக்குதான். எங்கன வாங்கினிய?"

"வடாலாவுல."

"என்ட்ட கேட்டா சும்மாவே தந்திருப்பம்லா."

"யாரும் வாங்கமாட்டாங்கன்னு சொன்னீங்களே."

"அப்பம் அப்படித்தான் நெனச்சேன். பொறவு ஒருத்தன் செவுத்துல பாத்துட்டு நாலு வெட்டச் சொன்னான். அவன் பாத்து இன்னொருத்தன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"ஒங்களுக்கு ஆபீஸ்ல ஆயிரம் சோலி."

நான் ஒவ்வொரு ஞாயிறும் இதே ஸ்டூலில்தான் இருந்தேன். அப்போதுதான் மூலையில் நீலத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த அடுக்கைப் பார்த்தேன். ஓரத்தில் இடது பக்கம் திரும்பிய மூக்குகள் எட்டிப் பார்த்தன. அடுக்கு புதிதில்லை. மூன்று மாதமாக டீ கிளாஸை அதன்மேல்தான் வைத்துக்கொண்டிருந்தேன். வைக்கிற இடம் சமமாக இருக்கிறதே என்று ஒருமுறை பாராட்டியும் இருக்கிறேன். அண்ணாச்சி அன்று எனக்கு இன்னொரு டீ சொன்னார்.

"இது என்னோடது, அண்ணாச்சி."

"ஒங்களுதுதான் சார். யாரு இல்லேன்னா?"

"யார்கிட்ட சொன்னீங்க?"

நான் சுவரைப் பார்த்தேன். ஆணியில் என் முதல் தட்டு. அதில் கறுப்பு மார்க்கரால் கொட்டை எழுத்தில் ஒரு பெயர், கீழே கோடு வேறு. அண்ணாச்சியின் பெயர்.

"பேரில்லாம தொங்கிச்சு. வேற எவனாவது எடுத்துருவான்லா. அதான்." எழுந்து போய்க் கழற்றினார். "மனசுக்குக் கஷ்டமா இருந்தா அழிச்சுக் குடுத்திருதேன். எடுத்துட்டுப் போங்க."

தகடு கெடாமல் அழிப்பார் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். இவ்வளவுக்குப் பிறகும் அந்த ஒரு காரியத்தால் எனக்கு ஆறிப்போயிருக்கும். சோப்புத் தண்ணீர் வாளி அவர் காலடியில்தான் இருந்தது. அவர் அலமாரியைத் திறந்து தின்னர் பாட்டிலை எடுத்தார். துணியில் நனைத்துத் தேய்த்தார். தகடு பனி படிந்த மாதிரி வெளுத்துக்கொண்டே வந்தது. அவர் நிறுத்தவில்லை.

"இதோட வடிவத்தைக் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சா?" என்று கேட்டேன்.

"ஏத்தாம?" என்றார். தேய்த்து முடித்து, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். டீ வந்தது. குடிக்காமல் வர எனக்குத் தைரியமில்லை. குடித்தேன். கிளாஸைத் தரையில் வைத்தேன்.

இப்போது ஞாயிறு பதினோரு மணிக்கு நான் பால்கனியில் இருக்கிறேன். மெஷினில் மாட்டியிருப்பது எனக்கென்று வெட்டச் சொன்ன இரண்டாவது தட்டு இல்லை, வடாலாவில் வாங்கியது. ஓரமெல்லாம் வழவழவென்று, என்னுடையதைவிட நன்றாகவே வெட்டியிருக்கிறார். பழைய தட்டு வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கிடக்கிறது. வெயிலில் பிடித்தால் வெளுப்புக்கு நடுவில் அவர் பெயர் இன்னும் தெரிகிறது. மூன்றாவது ஓட்டையைப் பற்றி அவரிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.