போனை யார் முதலில் வைப்பது

வேலை கேட்டுப் போன் செய்வதற்கு எங்கள் ஹமமாட்சு ஊரில் நேரம் காலம் உண்டு. காலையில் செய்தால் மீட்டிங்கில் இருப்பார்கள். மதியம் செய்தால் சாப்பாட்டில் இருப்பார்கள். சாயங்காலம் செய்தால் கிளம்புகிற ஆளைப் பிடித்து நிறுத்திய பாவம் வரும். மிச்சம் இருப்பது இரண்டு மணிக்கு மேல் நாலு மணிக்குள். ஓரிஹாரா மிட்சுயோ அன்று ஒன்றரைக்கே தலை வாரி, கறுப்புக் கோட்டு மாட்டி, உதட்டுச் சாயமும் பூசிக்கொண்டு சமையலறை மேசை முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் புருஷன் தோகுஜி டவுன் பஸ் ஓட்டுகிறவன். அன்று அவனுக்கு லீவு. முள்ளங்கி ஊறுகாயைக் கறுக் கறுக்கென்று மென்றபடி, போனில் சாயம் தெரியுமா என்று கேட்டான். குரலில் தெரியும் என்றாள் அவள். ஊறுகாய்க் கிண்ணத்தையும் பிடுங்கி வைத்துவிட்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, போன் பேசுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பியானோ உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து போன் எடுத்தவள். போன வருஷம் அந்தக் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். இன்னமும் வீட்டில் போன் அடித்தால் பழைய கம்பெனி பேர்தான் வாயில் வருகிறது. நாற்பத்தேழு வயதில் வேறு வேலை தேடுவது லேசா? போட்ட விண்ணப்பத்துக்கெல்லாம் பதில் வந்தது. 'உங்கள் எதிர்காலம் சிறக்கப் பிரார்த்திக்கிறோம்' என்று ஒரே மாதிரி கைவிரித்த பதில். அத்தனை பிரார்த்தனையும் பலித்திருந்தால் அவள் இந்நேரம் மந்திரி ஆகியிருப்பாள். ஒரே ஒரு ஹார்மோனிகா கம்பெனி மட்டும், வாடிக்கையாளர் போன் எடுக்கும் வேலைக்கு நேரில் வரச் சொல்லி, நாள் குறிக்கப் போன் செய்யுங்கள் என்று மெயில் அனுப்பியிருந்தது. ஆள் எடுக்கும் அதிகாரி, கசுகா என்பவர்.

இரண்டரைக்குப் போன் போட்டாள். பேர் சொன்னாள், மெயிலுக்கு நன்றி சொன்னாள், இப்போது பேசலாமா என்று கேட்டாள். எல்லாம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. வருகிற புதன்கிழமை பத்து மணிக்கு ஏதாவது சிரமம் உண்டா என்று கசுகா கேட்டார். புதன்கிழமை சிரமமே இல்லை, எந்த நாளானாலும் சரி என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. தோகுஜி காலண்டரைக் காட்டிக் கையை ஆட்டினான். அவள் பார்க்கவில்லை. போனைக் காதில் வைத்தபடி குனிந்து குனிந்து வணங்கிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் வந்தது சங்கடம். போன் செய்தவர்தான் முதலில் வைக்க வேண்டும், அது ஒரு வழக்கம். பெரியவர் வைக்கும்வரை சின்னவர் வைக்கக் கூடாது, அது இன்னொரு வழக்கம். வேலை கேட்கிறவள் எப்படி முதலில் வைப்பது? குனிந்தபடியே காத்திருந்தாள். அந்தப் பக்கம் கப்சிப். அப்புறம் 'டிக்' என்று ஒரு சத்தம். அப்பாடா, வைத்துவிட்டார். மேசைமேல் துண்டை விரித்து, போனைக் கவிழ்த்து வைத்தாள், கோட்டைக் கழற்றினாள்.

"புதன்கிழமை என் கண் ஆபரேஷன். மறந்துட்டியா?" என்றான் தோகுஜி.

மிட்சுயோ தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, ஆமாங்க. சிரமம் உண்டான்னு கேட்டாரே, இல்லைன்னுட்டேனே. பாழாப்போன வாய்."

"திருப்பிக் கூப்பிட்டு மாத்தச் சொல்லு. ஒத்தக் கண்ணோட நான் தனியா எப்படி வீடு வந்து சேருவேன்?"

அது மட்டும் முடியாது என்றாள். எந்த நாளும் சரி என்று சொன்ன வாய் சூடு ஆறுவதற்குள், அந்த நாள் சரியில்லை என்று சொன்னால் இந்தப் பொம்பளை இப்பவே இழுபறி பண்ணுகிறாள் என்றுதானே நினைப்பார்கள்? அதுவும் அந்தக் கசுகா சான் குரலைக் கேட்டாலே பயமாக இருக்கிறது, பழைய ஃப்ரிட்ஜ் உறுமுகிற மாதிரி.

தோகுஜி, அப்படியென்றால் இந்த வேலை போகட்டும், வேறு பார்க்கலாம் என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்கு இதுதாங்க வேணும். காலைல போனை எடுத்து ஒரு கம்பெனி பேரைச் சொல்லணும். அந்தப் பக்கம் யாரோ ஒருத்தர், அப்பாடா ஆள் கிடைச்சுதுன்னு மூச்சு விடணும். அது இல்லாம என் தொண்டையே துருப்பிடிச்சுப் போச்சு. ஆனா உங்களைத் தனியா விட்டுட்டுப் போக மாட்டேன். நீங்க போனா நானும் ஆஸ்பத்திரிக்குத்தான்."

தோகுஜி மேசையை ஒழுங்கு பண்ணப் போனான். துண்டோடு போனை எடுத்தவன் அப்படியே நின்றான். திரையில் பச்சை விளக்கு. பேச்சு நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

மிட்சுயோ போனைக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் பழைய ஃப்ரிட்ஜ் தொண்டையைக் கனைத்தது. பதறிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டாள். ஆக, கடைசியில் போனை முதலில் வைத்தவள் அவள்தான்.

வேலை போயிற்று, மானமும் போயிற்று என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்டு எழுதலாமா? எழுதினால், நீங்கள் ஒட்டுக் கேட்டீர்கள் என்று அவரைக் குத்திக் காட்டினதாகும். எழுதாவிட்டால், ஃப்ரிட்ஜ் என்று சொன்னது அப்படியே நிற்கும். இரண்டு பக்கமும் இடி.

அவள் எழுந்திருக்கும் முன்னாலேயே மெயில் வந்தது. 'எங்கள் தரப்பில் எதிர்பாராத சிரமம் ஏற்பட்டதால், தங்களுக்கு இடைஞ்சல் தருவதற்குத் தலைவணங்கி மன்னிப்புக் கோருகிறோம். நேர்காணலை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ள இயலுமா?'

மிட்சுயோ நன்றாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பப் படித்தாள். பிறகு கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டு, தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறேன், வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறேன் என்று பதில் எழுதினாள்.

"அந்த ஆளு கேட்டது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும்னு அந்த ஆளுக்கும் தெரியும். அப்புறம் எதுக்கு இந்த நாடகம்?" என்றான் தோகுஜி.

"மரியாதைங்க. பஸ் ஓட்டுறவருக்குப் புரியாது."

புதன்கிழமை தோகுஜிக்குக் கண் நல்லபடியாக ஆயிற்று. கட்டுப் போட்டவனைக் கைப்பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தாள். வெள்ளிக்கிழமை கம்பெனிக்குப் போனாள்.

கசுகா குள்ளமான மனிதர், பெரிய காது. வாய் திறந்ததும் அதே உறுமல். கையில் ஒரு பேனா, பேசி முடிக்கிற ஒவ்வொரு தடவையும் அதை அழுத்தினார். டிக். அன்றைக்கு அவள் கேட்டது இந்தச் சத்தம்தான். அவரும் பாவம், வாடிக்கையாளர் வைப்பதற்கு முன்னால் போனை வைத்துப் பழக்கமில்லாத மனிதர், அவள் வைப்பாள் என்று காத்திருந்திருக்கிறார்.

பக்கத்தில் முதலாளி உட்கார்ந்திருந்தார். கசுகா முகத்தை மாற்றாமல் கேட்டார். "வாடிக்கையாளர் பேசி முடிச்சிட்டார், ஆனா போனை வைக்கல. நீங்க என்ன செய்வீங்க?"

மிட்சுயோ குனிந்து நிமிர்ந்தாள். "அவங்க வைக்கிற வரைக்கும் காத்திருப்பேன். காதுல வெச்சுக்கிட்டே காத்திருப்பேன்."

கசுகாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. வெகுநேரம் ஜன்னல் பக்கம் திரும்பி இருமினார். முதலாளி தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த வாரம் மதியம் போன் அடித்தது. கோட்டு மாட்ட நேரமில்லை, அடுப்பில் கியோசா கொழுக்கட்டை பொரிந்துகொண்டிருந்தது. உறுமல் குரல், ஒன்றாம் தேதியிலிருந்து வேலைக்கு வரச் சொன்னது. மிட்சுயோ மூன்று தடவை குனிந்தாள், நன்றி சொன்னாள், மறுபடி குனிந்தாள். அவர் வைக்கவில்லை. இவளும் வைக்கவில்லை. இந்தத் தடவை போனைக் காதிலேயே அழுத்திப் பிடித்திருந்தாள்.

"ஓரிஹாரா சான், இருக்கீங்களா?"

"இருக்கேங்க."

"வைக்க வேணாம். முதல்ல உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. நான் இருக்கேன்."

மிட்சுயோ போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "என்னங்க, வேலை கிடைச்சிருச்சு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். தோகுஜி கூடத்திலிருந்து ஓடி வந்தான். கியோசா கருகிக்கொண்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. போனுக்குள் பழைய ஃப்ரிட்ஜ் விட்டு விட்டுச் சிரித்தது.