விரதம் கெடாத பாட்டில்

நர்ஸ் வேலையைச் சேவை, தியாகம் என்றெல்லாம் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அது நரம்பு தேடுகிற வேலை. அதிலும் தண்ணீர் குடிக்காதவர்களுக்கு நரம்பு லேசில் அகப்படாது. ஊசியும் கையுமாகக் குனிந்து நின்றே இடுப்பு ஒடிந்துபோன என் சக சிஸ்டர்களே, உங்களுக்குத் தெரியாததா?

போன கோடையில், பெரம்பலூரில் நான் வேலை பார்க்கும் சின்ன ஆஸ்பத்திரிக்கு ஒரு புதுத் தலைவலி வந்தது. சோறு தண்ணீர் இல்லாமல் காற்றை மட்டும் உண்டு மனிதன் வாழலாம் என்று கொள்ளிடக் கரையில் கொட்டகை போட்டு ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு வீடியோவாகப் போனில் ஊர் ஊராகப் பரவியது. ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் காத்துச் சாமி.

வாய் வழி

காத்துச் சாமியே ஒரு நாள் காரில் வந்து இறங்கினார். உள்ளூர் டாக்டரிடம் போனால் விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்று இவ்வளவு தூரம் வந்திருந்தார். தலை சுற்றுகிறதாம். நம் பக்கத்து ஜனங்களைத்தான் தெரியுமே, காய்ச்சலோ களைப்போ, "ஒரு பாட்டில் ஏத்துங்க" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே நுழைவார்கள். சாமியும் அதையேதான் கேட்டார். டாக்டர் பார்த்துவிட்டு ஏற்றச் சொன்னார். குளுக்கோஸில் மஞ்சள் சத்து ஊசியையும் கலந்து ஏற்றினேன். அது பிடித்துப்போய், அப்புறம் வாரா வாரம் வர ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "இதுவும் தண்ணியும் சர்க்கரையும்தானே, விரதம் என்னாகும்?" என்று கேட்டேன். சாமி கண்ணை மூடிக்கொண்டார். கூட வந்த சீடர்தான் பதில் சொன்னார்: "வாய் வழியாப் போகலைல்ல சிஸ்டர், அப்புறம் எப்படி விரதம் கெடும்?"

வெறும் வயிறு

அரியலூரிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சர்க்கரை வியாதிக்காரர். காத்துச் சாமி பேச்சைக் கேட்டு, தானும் காற்றில்தான் வாழ்வதாக வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். "வெறும் வயித்துல ரத்தம் எடுக்கணும் சார்" என்றேன். "என் வயிறு எப்பவுமே வெறும் வயிறுதாம்மா" என்று பெருமையாகக் கையை நீட்டினார். நரம்பு சும்மா புடைத்துக்கொண்டு நின்றது. எனக்கு அப்போதே சந்தேகம்தான்.

ரிசல்ட் வந்தது. சர்க்கரை கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது. மனுஷன் ஃபேனைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மனைவியை மட்டும் பார்க்கவில்லை. அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அரியலூர்க் காத்துல சிமெண்ட் தூசிதான் இருக்கும்னு நெனச்சேன், லட்டும் இருக்கும்போல!"

கலைச்செல்வி

இதுவரை சிரித்தாகிவிட்டது. கலைச்செல்வியை அவள் வீட்டுக்காரர் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தபோது எனக்குச் சிரிப்பு போய்விட்டது. சிறுவாச்சூர் கோயில் வாசலில், நடை திறக்கும் திங்களும் வெள்ளியும் எலுமிச்சம்பழ மாலை கட்டி விற்பவள் அவள். நானே எத்தனையோ தடவை வாங்கியிருக்கிறேன். சாப்பிட்டால் வயிறு எரிகிறது என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சாப்பாடுதான் நோய் என்று காத்துச் சாமி போன் வீடியோவில் சொன்னதும் அப்படியே பிடித்துக்கொண்டாள். முதலில் சோற்றை விட்டாள், பிறகு தண்ணீரையும் விட்டுவிட்டாள். உதடு வெடித்து, கண் உள்ளே போய்க் கிடந்தாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படியே விட்டால் கிட்னி போய்விடும், உயிருக்கே ஆபத்து என்றார்.

பாட்டிலைக் கொண்டு போனதும் கையை இழுத்துக்கொண்டாள். "வாய் வழியாப் போகலைம்மா, விரதம் கெடாது" என்று நானே சீடர் மாதிரி பேசிப் பார்த்தேன். "எந்த வழியாப் போனாலும் உள்ளதானே போவுது? அப்புறம் நான் சாப்பிடலேன்னு சொன்னா அது பொய்யில்லீங்களா?" என்றாள். பொய் சொல்லத் தெரியாதவளை என்ன செய்வது? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஏனென்றால், திரைக்கு அந்தப் பக்கக் கட்டிலில் அன்றைக்கும் பாட்டில் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தது சாட்சாத் காத்துச் சாமிதான். ஆனால் ஒரு நோயாளியின் விஷயத்தை இன்னொரு நோயாளியிடம் சொல்லக் கூடாது. தொழில் வாயைக் கட்டிவிட்டது.

எங்கள் ஆஸ்பத்திரி ஆயா நூர்ஜஹான் அவள் காலைத் தேய்த்துவிட்டபடியே கெஞ்சினாள்: "நாங்களும்தான் நோன்பு வைக்கிறோம் கலைக்கா, பொழுது சாஞ்சு மக்ரிபுக்குத் தொறக்காட்டி அது நோன்பு இல்ல, அடம்."

திரை

அதற்கும் கலைச்செல்வி அசையவில்லை. ஜி.எச்.சுக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார் டாக்டர். வீட்டுக்காரர் சுவரோரம் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நூர்ஜஹான் எழுந்து, "பாவம், இந்தப் பக்கம் காத்தே வரலியே" என்றபடி திரையை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாள்.

தெரிந்து செய்தாளா, தெரியாமல் செய்தாளா, இன்றுவரை கேட்கவில்லை. சாமி மல்லாந்து கிடந்தார். தலைக்கு மேலே மஞ்சள் பாட்டில் சொட்டு சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. கலைச்செல்வியைப் பார்த்ததும் அவசர அவசரமாகத் தியானத்தில் ஆழ்ந்துவிட்டார். அவள் பாட்டிலைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், குழாய் போய் முடிகிற கையைப் பார்த்தாள். வீட்டுக்காரர் முகத்திலிருந்து துண்டை எடுத்தார்.

தண்ணீர் கேட்டு வாங்கிய டம்ளரை அவள் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாடா என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பாட்டிலும் ஏற்றினோம். வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை, வேளைக்குச் சாப்பாடு என்று இப்போது நன்றாக இருக்கிறாள். போன வெள்ளிக்கிழமை நான் கேட்காமலே மாலையோடு இரண்டு பழம் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தாள். ஆனால் டம்ளரைக் கேட்பதற்கு முன் சாமியைப் பார்த்து அவள் சொன்னதுதான் எனக்கு மறக்கவே மறக்காது: "நீங்க நல்லாப் படுத்துக்குங்க சாமி, நான் வாயாலயே குடிச்சுக்கிறேன்."

எங்கள் ஆஸ்பத்திரியில் காற்றை மட்டும் வைத்துக் காலம் தள்ளுவது சீலிங் ஃபேன் ஒன்றுதான், அதுவும் கரண்ட் போனால் நின்றுவிடுகிறது.