பன்னண்டடிப் பாதை

எட்டு மாடி லிப்ட் குழிக்குள்ள கயித்துல தொங்கிக்கிட்டே ஊர்க்கதை பேசற எங்க சங்கத்து மெக்கானிக் இவரு. இவரு நடுங்கி நான் பார்த்தது ஒரு அளவு டேப்புக்கு முன்னாடிதான்.

நீளமா ஒரு மனை வாங்கி ரெண்டாப் பிரிச்சாரு. முன்பாதி தனக்கு, பின்பாதி தங்கச்சிக்கு. அவ இருந்த வீட்டை வித்து எல்லாத்தையும் இதுல போட்டுட்டு, அண்ணன் வீட்டு ஹால்ல படுத்திருந்தா.

மனை வாங்கிப் பிரிக்கறவங்க காதுல போட்டுக்கங்க: ரோட்டைத் தொடாத மனை, விதிப்படி மனையே இல்ல. அந்தக் குடியிருப்புப் பகுதியில பின்மனைக்குப் பன்னண்டு அடி அகலத்துல பாதை விடணும். விடலைன்னா பிரிவினை செல்லாது. தங்கச்சி ஒரு செங்கல் வைக்க முடியாது.

விட்டாரு. தன் வீட்டுச் சுவத்துக்கும் எதிர் மதில் சுவத்துக்கும் நடுவுல, செங்கல்லுக்குச் செங்கல் சரியா பன்னண்டு. ஒரு விரல் கூட அதிகம் விடல, அதான் வினை. அப்புறம் கொத்தனார் மச்சினன், அக்கா வீடு பளிச்சுனு இருக்கணும்னு பாதைப் பக்கத்து வீட்டுச் சுவத்தைப் பூசி டைல்ஸும் ஒட்டிட்டான்.

அனுமதிக்காகப் பாதையை அளக்க சர்வேயரம்மா வர்ற அன்னைக்குக் காலையில இவரு சும்மா அளந்து பார்த்தாரு. ரெண்டு இன்ச் குறையுது.

"மாப்ள, பாதையைத் தின்னுட்டியேடா."

"ரெண்டு இன்ச்சுதானே மாமா. அந்தம்மா என்ன நகையா எடை போடப் போறாங்க?"

தங்கச்சிகிட்ட சொல்லல. அவ கொடுத்த டீயை ஆற விட்டுட்டு டேப்பை இழுக்கறதும் சுருட்டறதுமா இருந்தாரு. "காய்ச்சலாண்ணே?"ன்னு நெத்தியைத் தொட்டா.

சர்வேயரம்மா வந்தாங்க. இவரு டைல்ஸ்ல முதுகை ஒட்டிக்கிட்டு நின்னாரு.

"நகருங்க சார். உங்களையும் சேர்த்தா இன்னும் குறையும்."

டேப்பைப் பார்த்தாங்க. "பத்தல. பூச்சையும் சேர்த்துத்தான் அளப்போம். இப்படியே அனுமதி தர முடியாது."

தங்கச்சி அப்படியே தரையில உக்காந்துட்டா. மச்சினன்தான் கேட்டான். "கொத்தி எடுத்துட்டா, மேடம்?"

"எடுத்துட்டுக் கூப்பிடுங்க. அளவு வரணும்."

உடனே உளி எடுத்தான். ஒவ்வொரு டைல்ஸ் விழும்போதும் இவரு குனிஞ்சு உள்ளே பார்த்தாரு. உள்ள செங்கல்லே வளைஞ்சிருந்தா? கட்டும்போது நூல் பிசகியிருந்தா? தங்கச்சி டேப்போட ஒரு முனையைப் பிடிச்சு நின்னா, கண்ணை மூடிக்கிட்டு.

"எவ்ளோண்ணே?"

"பன்னண்டு."

"திருப்பி அளங்க."

அனுமதி வந்துச்சு. பின்னாடி வீடு எழும்பி விளக்கும் எரியுது. அந்தச் சுவரு மட்டும் இன்னும் மொட்டைச் செங்கல். பெயிண்ட் வாளியோட யாராவது அந்தப் பக்கம் போனா இவரு ஓடி வர்றாரு.

"எதுக்குய்யா இன்னும்?"னு கேட்டேன்.

"திரும்ப அளக்க வந்தாங்கன்னா, தோழர்?"