ஆறிப்போன தண்ணீர்

எழுபதுகளின் கடைசி வருடங்களில் சூரமங்கலத்தில் நாங்கள் இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். எனக்கு ஊர் ஆத்தூர்ப் பக்கம். ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. உடன் இருந்த தோழி ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா. இரண்டு பேருமே காலை எட்டு மணிக்குள் கிளம்பியாக வேண்டும் என்பதால் சமையலுக்கு ஓர் அக்காவை வைத்துக்கொண்டோம். பரமத்தி வேலூரிலிருந்து கணவரோடு பிழைக்க வந்தவர். நாற்பது வயதிருக்கும். வாய் ஓயாமல் பேசுவார். கை அதைவிட வேகம்.

அந்தக் கோடையில் எங்கள் தெருவில் மஞ்சள் காமாலை வந்தது. முதலில் எதிர்வீட்டில் இரண்டு பேர், அடுத்து என் தோழி. சாக்கடைக்குப் பக்கத்தில் குடிதண்ணீர்க் குழாய் உடைந்திருக்கிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். தோழியைப் பார்த்த டாக்டர் என்னிடம் சொன்னார்: "தண்ணியைச் சும்மா சுட வச்சு இறக்கிடாதீங்க. தளதளன்னு கொதிக்கணும். கொதி வந்தப்புறமும் கொஞ்ச நேரம் அடுப்புலயே இருக்கட்டும்."

அன்றே அக்காவிடம் சொன்னேன். "ஆகட்டுங்க டீச்சர்" என்றார். மறுநாளிலிருந்து காலையில் ஒரு பெரிய அலுமினியப் பாத்திரம் நிறையத் தண்ணீர் காய்ச்சி, ஆறவைத்து, மாலையில் மண்பானையில் ஊற்றிவிட்டுப் போனார்.

எனக்குச் சந்தேகம் வந்தது இரண்டாவது வாரத்தில். சீமெண்ணெய் ஸ்டவ்வின் திரியை அதிகம் இழுத்துவிட வேண்டியிருக்கவில்லை. எண்ணெயும் முன்பைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகக் குறைந்தது. தினமும் அவ்வளவு தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அது எப்படி முடியும்? பானைத் தண்ணீரை டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஆறிப்போன தண்ணீரைப் பார்த்து அது கொதித்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வேறு ஏதோ நடக்கிறது என்று நினைத்தேன். அக்கா தினமும் கக்கத்தில் ஒரு துணிப்பையை இடுக்கிக்கொண்டு போவார். தண்ணீரைக் காய்ச்சாமலே விட்டு, அந்தக் கூடுதல் சீமெண்ணெயை அதில் கொண்டுபோகிறாரோ என்று தோன்றிவிட்டது. ஒருநாள் அவர் கொல்லைக்குப் போன நேரத்தில் பையைத் திறந்து பார்த்தேன். ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலை, ஒரு சுண்ணாம்பு டப்பி. வேறொன்றும் இல்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் சந்தேகம் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று படுத்துக்கொண்டு, சமையலறைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாத்திரத்தை ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் மூடியைத் தூக்கினார். வெள்ளையாக ஆவி எழுந்தது. உடனே திரியை இறக்கி ஸ்டவ்வை அணைத்தார்.

எழுந்து போனேன். "அக்கா, இது கொதிக்கலையே."

"ஏனுங்க டீச்சர், ஆவி எப்படிப் பறக்குது பாருங்க! கை வெக்க முடியல."

பாத்திரத்துக்குள் பார்த்தேன். அடியிலும் பக்கத்திலும் கடுகு கடுகாகக் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அது தண்ணீரில் கரைந்திருந்த காற்று. தண்ணீர் அசையவே இல்லை.

"ஆவி வந்தா கொதிச்சதுன்னு அர்த்தம் இல்லக்கா. நீங்க துவைச்சுப் போட்ட சேலை கொடியில காயுதே, அந்தத் தண்ணி எங்க போகுது? அதுவும் ஆவியாத்தான் போகுது. சேலை கொதிச்சுதா? மேலாப்புல இருக்குற தண்ணி எந்தச் சூட்டுலயும் சத்தமில்லாம ஆவியாப் போயிட்டுதான் இருக்கும். கொதிக்கிறதுன்னா அடியிலிருந்து குமிழி கிளம்பி, பாத்திரம் முழுக்கப் புரளணும். அந்தச் சூடு வந்தாத்தான் கிருமி சாகும்."

இதையே வகுப்பில் இரண்டு பத்தியாகப் பிரித்து, கோடு போட்டு, ஐந்து மதிப்பெண் வினாவாக எத்தனையோ முறை எழுதிப்போட்டிருக்கிறேன். அக்காவிடம் சொன்னபோது என் குரலில் ஆசிரியையைவிடப் போலீஸ்காரி அதிகம் இருந்திருக்க வேண்டும். அவர் முகம் சுருங்கியது.

"அப்ப நான் இத்தன நாளாப் பொய் சொன்னனுங்களா?"

"பொய்னு சொல்லலக்கா. தெரியாம..."

"எங்கூர்ல ஆவி வந்தா எறக்கிருவோமுங்க. சீமெண்ண கிடைக்கறதே கஷ்டம், உங்களுக்கு மிச்சம் புடிக்கலாமுன்னு பார்த்தேன்." சட்டென்று வெளியே போய் ஒரு கூழாங்கல்லை எடுத்துவந்தார். கழுவிப் பாத்திரத்தில் போட்டு, ஸ்டவ்வை மறுபடி பற்றவைத்தார். இருவரும் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். வெகுநேரம் கழித்துக் கல் ஆடத் தொடங்கி, பிறகு கடகடவென்று விடாமல் அடித்தது. "கேட்டுக்குங்க டீச்சர். இனி தெனமும் இந்தச் சத்தம் வரும்" என்றார்.

வந்தது. காலையில் நான் சேலை கட்டும்போது சமையலறையிலிருந்து கல் அடிக்கும். ஆனாலும் நான் காது கொடுத்து, எவ்வளவு நேரம் அடிக்கிறது என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு மாதத்துக்கு மேல் போனது. தோழி தேறி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். ஒருநாள் பள்ளியில் உடன் வேலை பார்த்த ஆசிரியை, "கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கே" என்றார். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். உண்மைதான்.

அன்று மாலை அக்கா வந்ததும் கேட்டுவிட்டேன். "நான் ஸ்கூலுக்குச் சீக்கிரம் கிளம்புற அன்னிக்கெல்லாம் கல்லை எடுத்து வெளிய வச்சுட்டீங்களா?"

அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். தோழி கூடத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அக்கா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நம்பாத ஊட்ல எனக்கென்ன வேலைங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு தோழிதான் சமைத்தாள், தண்ணீரும் அவளே காய்ச்சினாள். கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து கொடுத்தாள். நான் கூடத்தில் படுத்தே கிடந்தேன். எதிரே மூலையில் மணல்மேல் பானை. பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாததால் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒன்று உறுத்தியது. மண்பானை சும்மா இருந்தாலே வெளிப்பக்கம் கசிந்து, கசிந்தது ஆவியாகித்தான் உள்ளே இருப்பது குளிர்கிறது. யாரும் குடிக்காவிட்டாலும் தண்ணீர் இறங்கத்தான் வேண்டும். அன்று மதியம் மொண்டபோது என் கை முழங்கை வரை உள்ளே போனது. மாலையில் கண்ணயர்ந்து எழுந்தபோது அவள் அலுவலகத்திலிருந்து வந்திருந்தாள், அப்போது மொண்டால் மணிக்கட்டிலேயே தண்ணீர் தட்டுப்பட்டது. காலையில் காய்ச்சிய தண்ணீர் பாத்திரத்தில் மூடியபடி அப்படியே இருந்தது.

"பானைக்கு எங்கேருந்து தண்ணி ஊத்தின?" என்று கேட்டேன்.

அவள் அழ ஆரம்பித்தாள். காய்ச்சின தண்ணீர் சப்பென்று இருக்கிறது, ஆறவே நேரமாகிறது, காய்ச்சலில் கிடந்தபோது சில்லென்று குடிக்க வேண்டும் போலிருந்தது, அப்போதிருந்தே பானையில் குழாய்த் தண்ணீர் இரண்டு சொம்பு ஊற்றிவிடுவது பழக்கமாகிவிட்டது என்றாள்.

"அக்காவை அன்னிக்கு அப்படிக் கேட்டேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீ ஏற்கெனவே அவங்கமேலதான் சந்தேகமா இருந்த. என்மேல திரும்பிடும்னு பயந்துட்டேன்."

டாக்டரிடம் கேட்டேன். எப்போது தொற்றியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஒன்றரை மாதம் முன்பாகக்கூட இருக்கலாம் என்றார். நாள் எண்ணிப் பார்த்தால் அக்கா ஆவியைப் பார்த்து இறக்கிய நாட்களும் அதில் வந்தன, தோழி குழாய்த் தண்ணீர் ஊற்றிய நாட்களும் வந்தன. வழியில் வாங்கிக் குடித்த கரும்புச்சாறாகவும் இருக்கலாம். எதுவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நடக்கத் தெம்பு வந்ததும் அக்காவின் வீட்டைத் தேடிப் போனேன். ரயில் பாதைக்கு அந்தப்புறம் வரிசை வீடுகளில் ஒன்று. என்னைப் பார்த்ததும், "வாங்க, உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா டீச்சர்?" என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டார். கேட்ட பிறகு சொம்பைத் தொட்ட கை அப்படியே நின்றது.

அவர் சொம்பை வைத்துவிட்டு விறகடுப்பைப் பற்றவைத்தார். ஒரு சின்னப் போசியில் தண்ணீர் ஏற்றினார். நான் பார்ப்பதற்காக மூடாமலே விட்டார். ஆவி வந்தது. குமிழி ஒட்டியது. பிறகு அடியிலிருந்து பெரிது பெரிதாகக் கிளம்பி, தண்ணீர் புரண்டு, விளிம்பில் தெறித்தது. அவர் இறக்கவில்லை. பாதித் தண்ணீர் வற்றும்வரை விட்டார். பிறகு இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றி என் கையில் கொடுத்தார். சூடு நாக்கைச் சுட்டது. முழுவதையும் குடித்தேன்.

"தப்பு என்மேலதான் அக்கா. பானையில அவதான் குழாய்த் தண்ணி ஊத்தியிருக்கா. வாங்க."

"எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க. மொதநாள் சாயங்காலம் ரொப்பிட்டுப் போற பானை, காலைல வந்து பாத்தா வழிய வழிய நிக்கும். ஊட்டு ஆளையே காட்டிக்குடுக்கறது எப்படின்னு உட்டுட்டேன்." அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துவிட்டார். "வாரனுங்க. சமைக்கறேன். தண்ணி மட்டும் நீங்களே காச்சிக்குங்க. அத நான் தொடமாட்டேன்."

சொன்னபடியே வந்தார். தோழி மாற்றலாகிப் போகும்வரை, இரண்டு வருடத்துக்கு மேல், அவர்தான் சமைத்தார். தண்ணீரை நானே காய்ச்சினேன். நான் ஸ்டவ் முன்னால் நிற்கும்போது அவர் அரிவாள்மணையில் காய் நறுக்கிக்கொண்டே அடிக்கடி நிமிர்ந்து பாத்திரத்தைப் பார்ப்பார். அணைக்கப் போனால், "இன்னுங் கொஞ்சம் இருக்கட்டுமுங்க" என்பார். அக்கறையில் சொல்கிறாரா, என்னைச் சோதிக்கிறாரா என்று எனக்குப் புரிந்ததே இல்லை. கேட்கவும் துணிவு வரவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டு வைப்பேன்.