கூடுதல் விலைக்கு ஓர் இருக்கை குறைவு

இந்த ஊரில் தெருவோரம் நிறுத்தியிருக்கும் மோட்டார் சைக்கிளை ஒருவரும் தொடுவதில்லை. பாரிஸின் வடக்குப் புறநகருக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது, இன்னும் இது எனக்குப் பழகவில்லை. காரைக்கால் கடைத்தெருவில் புது வண்டியை நிறுத்திவிட்டு வெற்றிலை வாங்கித் திரும்புவதற்குள் நாலு பேர் அதன்மேல் ஏறி இறங்கியிருப்பார்கள். ஒருவர் ஆக்ஸிலேட்டரைத் திருகிப் பார்ப்பார். ஒருவர் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பித் தலை வாரிக்கொள்வார். "லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?" என்று முன்பின் தெரியாத மூன்றாமவர் கேட்பார், நாம் சொல்லும் பதிலை நான்காமவர் நம்பமாட்டார். இங்கே லட்சக்கணக்கில் விலைபோகும் வண்டிகள் மழையில் நனைந்துகொண்டு கேட்பாரற்று நிற்கின்றன. நான் மட்டும் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து ஒரு கைப்பிடியைத் தொட்டுவிட்டு, தொட்ட கையைப் பாக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டு நடப்பேன். பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியும் இந்தப் புத்தி மட்டும் மாறவில்லை.

குடியுரிமைகூட நானாக வாங்கியதில்லை. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சலாம் வைத்த புண்ணியத்தில் வந்தது. எங்களைப் போன்றவர்களை ஊரில் சொல்தா வீட்டுப் பிள்ளைகள் என்பார்கள், சொல்தா என்றால் சிப்பாய். தாத்தா துப்பாக்கி பிடித்தார், நான் இங்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டு பிடிக்கிறேன். முதல் மூன்று வருடம் தட்டு கழுவினேன். இப்போது பதவி உயர்ந்துவிட்டது, மற்றவர்கள் கழுவிய தட்டில் கறை இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

அந்தப் பதவி தந்த தைரியத்தில்தான் சனிக்கிழமைகளில் மோட்டார் சைக்கிள் கடைக்குப் போகத் தொடங்கினேன். கடையில் செந்தாடி வைத்த விற்பனையாளர் ஒருவர். "போன்ழூர், முஸ்யே" என்பார், பிறகு நம் பக்கம் திரும்பவே மாட்டார். நம்மூர்க் கடைக்காரர்போலக் குடிக்கக் கலர் வாங்கி வரச்சொல்லமாட்டார், மின்விசிறியை நம் பக்கம் திருப்பமாட்டார். அங்கே இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரே தொழிற்சாலை, ஒரே எஞ்சின். ஒன்று சாதா. மற்றது கஸ்டம். ஆசைப்பட்டவர்கள் வண்டி வாங்கிய பிறகு தனியாகச் செலவழித்துச் செய்துகொள்ளும் அலங்காரத்தையெல்லாம் தொழிற்சாலையே செய்து அனுப்பிவிடுகிறது. மாதுளை முத்து நிறத்தில் பெயிண்ட், அதற்குமேல் கையால் இழுத்த தங்கக் கோடு, குரோம் பூசிய புகைக்குழாய், அகலமான பின்சக்கரம், கையைச் சற்று உயர்த்திப் பிடிக்கவைக்கும் ஹேண்டில்பார். இவ்வளவுக்கும் என் இரண்டு மாதச் சம்பளம் கூடுதல். நான்கு சனிக்கிழமைகள் அந்த இரண்டு வண்டிகளுக்கும் நடுவே நின்று தகுமா தகாதா என்று யோசித்தேன். ஐந்தாவது சனிக்கிழமை, எங்கள் கட்டடத்திலேயே குடியிருக்கும் காரைக்கால்காரரான கபீரைத் துணைக்கு அழைத்துப் போனேன். அவர் கஸ்டம் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார், குனிந்தார், நிமிர்ந்தார்.

"ஏண்ணே, பின்னாடி சீட்டு எங்க?"

"கெடையாது கபீரு. இது ஒராளு வண்டி."

"நம்மூர்ல ரெண்டு பேரு போற வண்டில புள்ளையோட நாலு பேரு போவோம். இவன் கூடக் காசை வாங்கிக்கிட்டு இருக்குற சீட்டையும் புடுங்கிக்கிறான். புடுங்குன கூலியாண்ணே அது?"

நான் சிரித்தேன். கபீர் சிரிக்கவில்லை. அவருக்குக் கதை தெரியும். அந்தக் கதையில் புகைப்படம் எடுத்ததே அவர்தான்.

இரண்டாயிரத்து மூன்றில் நான் இங்கே வந்தபோது என் மனைவி கலைச்செல்வியை ஊரில் விட்டுவிட்டு வந்தேன். அவள் நெரவியில் அரசுப் பள்ளி ஆசிரியை. கோவில்பத்து வீட்டிலிருந்து எட்டு வருடம் தினமும் காலையில் அவளைப் பழைய வண்டியில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டது நான்தான். நாங்கள் நிம்மதியாகப் பேசிக்கொண்டது அந்தப் பயணத்தில் மட்டும்தான், வீட்டில் எப்போதும் கூட்டம். நான் முன்னால் போய் ஒரு வீடு பார்ப்பது, பிறகு அவள் சம்பளமில்லா நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வருவது என்று முடிவு செய்திருந்தோம். விண்ணப்பத்தைக்கூட அவள் எழுதித் தயாராக வைத்திருந்தாள், தேதி மட்டும்தான் போடவில்லை. நான் இங்கே நாலு பேரோடு ஓர் அறையில் கிடந்தேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. "வீடு பாத்துக்கிட்டே இருக்கேன் கலை, இங்க எல்லாம் குளிருக்குத் தக்கன பாக்கணும்" என்று போனில் அளந்துகொண்டிருந்தேன்.

இங்கே வந்த நம்மவர்கள் எல்லாரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. தெருவில் நிற்கும் நல்ல காராகப் பார்த்து அதன்மேல் கையை ஊன்றிப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புவது. சொந்தம் என்று எழுதமாட்டோம். எழுதாமல் விட்டால் போதும், மீதியை ஊர் பார்த்துக்கொள்ளும். நானும் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை கபீரிடம் காமிராவைக் கொடுத்தேன். வரிசையாக ஆறேழு மோட்டார் சைக்கிள்கள் நின்றன. அவற்றில் ஆகப் பளபளப்பானதைத் தேர்ந்தெடுத்து, உரிமையாளர் வருகிறாரா என்று ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு, மறு கண்ணால் காமிராவைப் பார்த்துச் சிரித்தேன். படத்தில் எனக்கு மாறுகண் போல விழுந்திருந்தது. அப்பா அதற்கும் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். "எம் மவன் வண்டி" என்று தெருவுக்கே காட்டினாராம்.

அந்த வாரம் போன் செய்தபோது ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். அப்பா, தம்பி, பக்கத்து வீட்டார் எல்லாரும் இருந்தார்கள். கலை மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"என்னங்க, அந்த வண்டில நான் எங்க ஒக்கார்றது?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது, அது ஒற்றை இருக்கை வண்டி என்று. படம் எடுக்கும்போது நான் அதைக் கவனிக்கவேயில்லை. உண்மையைச் சொல்ல நல்ல சந்தர்ப்பம். ஆனால் ஸ்பீக்கரில் ஆள் இருந்தால் எனக்கு வேறு நாக்கு முளைத்துவிடும். "நீ பெட்ரோல் டேங்க் மேல ஒக்காந்துக்க, எனக்குக் குளிர் காத்தை மறைக்கும்" என்றேன். அங்கே எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் பொதுத் தொலைபேசிக் கூண்டுக்குள் தனியாக நின்று சிரித்தேன். கலை "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டாள். அந்த விடுப்பு விண்ணப்பத்தில் தேதி விழவேயில்லை.

இரண்டு வருடம் கழித்து இங்கே பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போனேன். சென்னையிலிருந்து பஸ்ஸில் காரைக்கால் வந்து இறங்கினால், பஸ் ஸ்டாண்டு வாசலில் கலை ஸ்கூட்டியில் உட்கார்ந்திருக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்திருந்தாள், தோளில் கைப்பை, விரலில் சாக்பீஸ் தூள். ஓட்டக் கற்றுக்கொண்டதை அதுவரை என்னிடம் சொல்லவில்லை.

"பெட்டிய முன்னாடி குடுங்க. நீங்க பின்னாடி ஏறிக்குங்க."

ஏறிக்கொண்டேன். டீக்கடை வாசலில் ஒரு பழைய கூட்டாளி, "என்ன மாப்ள, பிரான்ஸ்ல அம்மாம் பெரிய வண்டி, இங்க பின்சீட்டா?" என்று கத்தினான். நான் மந்திரி மாதிரி கையை ஆட்டினேன். அவள் வண்டியை நன்றாக ஓட்டினாள், என்னைவிட நன்றாக. எட்டு வருடம் அவள் பார்த்துக்கொண்டு வந்தது என் முதுகை, இப்போது நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு போனேன். முகம் தெரியாததாலோ என்னவோ, எனக்குத் துணிச்சல் வந்தது.

"கலை, போட்டோல இருக்குற வண்டி என்னுது இல்ல."

"தெரியும்ங்க. கபீர் அண்ணன் வீட்டுக்காரவங்க அப்பயே சொல்லிட்டாங்க."

"பொறவென்ன? அடுத்தவன் வண்டி. அதுக்குப் போயி..."

அவள் ஒரு சைக்கிளுக்கு வழிவிட்டாள். ஹாரன் அடித்தாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்.

"அடுத்தவன் வண்டிதாங்க. தெருவுல எத்தனை வண்டி நின்னுருக்கும், அதுல ஒத்த சீட்டு வண்டியாப் பாத்துல்ல போயி நின்னிருக்கீங்க."

"சத்தியமா சீட்டை நான் கவனிக்கல கலை."

"அதாங்க நானும் சொல்றேன். என்னைய வேணாம்னு நெனச்சிருந்தாக்கூட சண்டை போட்டிருப்பேன். நெனப்புலயே நான் இல்லியே. அதுக்கு யார்கிட்ட போயி சண்டை போடுறது?"

கோவில்பத்து திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தாள். "நான் வரலீங்க. எனக்கு ஸ்கூலு இருக்கு. லீவுக்கு வாங்க, நல்லாச் சாப்புடுங்க, போங்க." வீட்டு வாசலில் பிள்ளைகளும் பெரியவர்களுமாகக் கூட்டம் நின்றது. எல்லாருக்கும் செண்ட் பாட்டில் எங்கே என்ற கவலை. நான் வண்டியிலிருந்து இறங்கிச் சிரித்தேன். எனக்கு வேறு என்ன தெரியும்?

அதற்குப் பிறகுதான் இங்கே எல்லாம் நடந்தது. பெர்மி என்று இங்கே சொல்லும் ஓட்டுநர் உரிமம், மோட்டார் சைக்கிளுக்கு, மூன்றாவது தடவையில் கிடைத்தது. இரண்டு அறை வீடு கிடைத்தது. கூட்டாளிகள் நான் பணக்காரனாகிவிட்டதாக நினைத்தார்கள். வரமாட்டாள் என்று தெரிந்துபோன ஆளுக்காக ஓர் அறையைப் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் இப்போது என் காய்ந்த துணிகள் குடியிருக்கின்றன.

ஆகவே நீங்கள் புரிந்துகொள்ளவேண்டும், கடையில் நான் தங்கக் கோட்டுக்கும் குரோமுக்கும் கூடுதல் விலை தகுமா என்று யோசிக்கவில்லை. தகும். பெயிண்ட் ஒன்றே அந்தக் காசு பெறும். தனியாளுக்கு எதற்கு இரண்டு இருக்கை என்றும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆறாவது சனிக்கிழமை செந்தாடிக்காரரிடம், கஸ்டம் வண்டியை எடுத்தால் பின்னால் ஓர் இருக்கை பொருத்திக்கொள்ளலாமா என்று என் ஓட்டைப் பிரெஞ்சில் கேட்டேன். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். பின்பக்கச் சட்டத்தையே குறுக்கிவிட்டார்களாம், கால் வைக்க இடமில்லையாம். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மாதிரித் தாளை எடுத்துக் காட்டினார். கார்த்து கிரீஸ் என்பது இங்கே வண்டியின் பதிவுப் பத்திரம். அதில் இருக்கைகளின் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் உண்டு. கஸ்டத்துக்கு அந்தக் கட்டத்தில் ஒன்று என்று இருக்கும்.

"உங்கள் மனைவியும் வண்டியில் வருவாரா?" என்று கேட்டார். முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மனைவிக்குச் சொந்தமாக ஸ்கூட்டி இருக்கிறது. இந்தியாவில்."

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஆளுக்கொரு வண்டி, இருவரும் சவாரிப் பிரியர்கள், இந்தியா முழுக்க என் மனைவி தனியாகச் சுற்றுகிறார் போலும் என்று அவராகவே கட்டிக்கொண்டார். என் கையைப் பிடித்துக் குலுக்கி, "ஃபெலிசித்தாசியோன், முஸ்யே!" என்று வாழ்த்தினார். நானும் "மெர்சி, மெர்சி" என்றேன். கல்யாணத்தன்று கூட யாரும் எனக்கு அவ்வளவு மனப்பூர்வமாக வாழ்த்துச் சொன்னதில்லை.

ஆனால் அந்தக் கட்டம் என்னை விடவில்லை. புகைப்படத்தில் நான் கவனிக்காமல் நின்றேன், அதற்கு மன்னிப்பு கேட்கவாவது வழி இருந்தது. இது அரசாங்கத் தாள். ஒன்று என்ற எண்ணுக்குக் கீழே நன்றாகப் பார்த்து, தெரிந்து, நானே கையெழுத்துப் போடவேண்டும். பேனா என்னவோ கையில்தான் இருந்தது. சாதா வண்டியைக் காட்டி, இதைக் கொடுங்கள் என்றேன். செந்தாடிக்காரர், ஆறு வாரம் மாதுளை நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு என்ன ஆயிற்று என்பதுபோலப் பார்த்தார். கபீரும் கேட்டார். மிச்சம் பிடித்தேன் என்று இருவரிடமும் பொய் சொன்னேன்.

அன்று ஊருக்குப் போன் செய்தேன், கலைதான் எடுத்தாள். வண்டி வாங்கியிருக்கிறேன், நிஜமாகவே என்னுடையது என்று சொன்னேன். கேட்பதற்கு முன்பே, "ரெண்டு சீட்டு" என்றேன். அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"நல்லதுங்க. பின்சீட்டைச் சும்மா போட்டு வக்காதீங்க. கபீர் அண்ணனை ஏத்திக்கிட்டுப் போங்க."

"அவரு கனம் தாங்காது கலை."

அவள் சிரித்தாள். நிஜமான சிரிப்பு.

போன வாரம் முதல் தடவையாகத் தனியே நெடுஞ்சாலைப் பக்கம் ஓட்டிப் போனேன். சிவப்பு விளக்கில் பக்கத்தில் வந்து நின்ற ஒரு பெரியவர், தன் வண்டியில் இருந்தபடியே ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி ஏதோ சொன்னார். வண்டி நன்றாக இருக்கிறது என்கிறார் என்று நினைத்து "மெர்சி" என்றேன். அவர் இல்லை இல்லை என்று கையை ஆட்டி, உள்ளங்கையைச் செங்குத்தாக நிறுத்தி, அதை மெல்ல வலதுபக்கம் சாய்த்துக் காட்டினார். நான் சாய்ந்து ஓட்டுகிறேனாம். நேரான சாலையில், காரணமே இல்லாமல், வலதுபக்கமாக.

பயிற்சி வண்டிகளில் யாரும் என்னிடம் இதைச் சொன்னதில்லை. அவற்றின் பின்சீட்டைப் பற்றி எனக்கு எந்த நினைப்பும் இருந்ததில்லை. புடவை கட்டிய பெண்கள் நம் ஊரில் இரண்டு காலையும் இடதுபக்கம் போட்டு ஒருக்களித்துத்தான் உட்காருவார்கள். கனம் இடதுபக்கம் இழுக்கும். அதைச் சரிக்கட்ட, ஓட்டுகிறவன் தனக்கே தெரியாமல் வலதுபக்கம் ஓர் இம்மி சாய்வான். பச்சை விழுந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். வண்டி இடதுபக்கம் போவதுபோல இருந்தது. கொஞ்ச தூரம் அப்படியே பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். பிறகு பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் முந்திப் போகட்டும் என்று ஓரமாக விட்டு, நெரவிக்குப் போகிற மாதிரி வலதுபக்கம் சாய்ந்து ஓட்டினேன்.